ஹிரானோவைத் தனியாக விடாத ஊர்

1

தேனி மாவட்டத்தில் ஆங்கிலம் முல்லைப் பெரியாறு மாதிரி ஓடுகிறது என்று ஒரு ஜப்பானியரிடம் சொன்னவன் நான். சொன்னதோடு நிறுத்தியிருந்தால், வெளிநாட்டில் இருப்பவன் விடும் வழக்கமான புளுகுகளில் ஒன்று என்று அது காற்றோடு போயிருக்கும். நான் அவரை நம்பவைத்து, விமானம் ஏற்றி, மதுரையில் இறக்கி, போடிக்குக் கூட்டிப் போய், என் அக்கா வீட்டு மாடி அறையில் குடியும் வைத்தேன்.

இதை எழுதும் மேசைமேல் நேர்த்தியான காகிதத்தில் சுற்றிய ஓர் இனிப்புப் பெட்டி இருக்கிறது. அவர் கொடுத்தது. வாங்கி வந்ததிலிருந்து பிரிக்காமல் வைத்திருக்கிறேன். என் மகள் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்குப்பா. இது ஸாரி சொல்றப்போ குடுக்கிற ஸ்வீட்" என்றாள். மன்னிப்புக் கேட்பதற்கென்று இங்கே ஜப்பானில் தனி எடையில் இனிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிகிறது. அவள் இங்கேயே பிறந்தவள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்பதுதான் விஷயம்.

2

ஹிரானோ எனக்குப் பக்கத்து மேசைக்காரர். கடலோரச் சிற்றூர் ஒன்றில், தண்ணீர் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. வயது ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான ஆள். யாராவது ஹலோ சொன்னால்கூட அதற்கு நன்றி சொல்லக்கூடியவர்.

வேலை தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே அவருடைய சின்ன வெள்ளைக் கார், வண்டிகள் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் வந்து நின்றுவிடும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். நடுவில் சிரிப்பார். முதன்முதலில் பார்த்தபோது, பாவம், குடும்பத்தில் ஏதோ பிரச்சினை, மனிதருக்கு மனநிலை சரியில்லை என்று முடிவுசெய்து, பார்க்காதவன் போல வேறு பக்கம் திரும்பி நடந்தேன். பிறகுதான் தெரிந்தது. அது ஆங்கிலப் பயிற்சி. காதில் ஓடும் ஒலிப்பதிவை, நிழல் மாதிரி அரை நொடி பின்னாலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். பதிவில் இருப்பவர் மூச்சு வாங்கினால் இவரும் வாங்க வேண்டும். அவர் சிரித்தால் இவரும் சிரிக்க வேண்டும்.

மதியம் சாப்பாட்டு மேசையில், வளையத்தில் கோத்த சிறு சிறு அட்டைகள். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் ஜப்பானியப் பொருள். ஒரு வாய் சோறு, ஒரு அட்டை. மாலையில் வீட்டுக்குப் போனால் குளியல் தொட்டியில் உட்கார்ந்து, அன்றைக்குத் தவறாகச் சொன்னவற்றை மட்டும் திரும்பச் சொல்வாராம். மழை, காய்ச்சல், மச்சினன் கல்யாணம் எதற்கும் விடுமுறை கிடையாது. நான் தினமும் தவறாமல் செய்வது மூச்சு விடுவது ஒன்றைத்தான்.

இத்தனையும் ஒரு தேர்வுக்காக. இங்கே நிறுவனங்கள் பதவி உயர்வுக்கு ஓர் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. அவருடைய பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேர்வின் உலகமே தனி. அங்கே எப்போதும் ஒரு விமானம் தாமதமாகும், ஒரு கூட்டம் வியாழக்கிழமைக்குத் தள்ளிப் போகும், பிரிண்டரில் காகிதம் தீர்ந்திருக்கும். யாரும் சாவதில்லை. யாரும் யாரையும் கல்யாணம் செய்துகொள்வதில்லை. பங்காளிச் சண்டை அறவே கிடையாது. அப்படி ஓர் உலகத்துக்குள் நுழையத்தான் மனிதர் தினமும் காருக்குள் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நுழைய முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவரே ஒருநாள் சொன்னார். இலையுதிர் காலத் தேர்வில் மதிப்பெண் கிடைத்தால் பிரிவுத் தலைவர் பதவி, இதே ஊரில். கிடைக்காவிட்டால் வடக்கே பனி கொட்டும் ஊரில் இருக்கும் தொழிற்சாலைக்கு மாற்றல். அவர் மனைவி கூடப் போக முடியாது. படுக்கையில் கிடக்கும் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். ஆக, ஹிரானோ தனியாகப் போக வேண்டும். ஓய்வு பெறும்வரை தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுத் தனியாக இருக்க வேண்டும். குடும்பத்தை விட்டுத் தனியாகப் போய் வேலை பார்ப்பதற்கென்றே ஜப்பானிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அவ்வளவு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

3

என்னை இங்கே 'பெருமாள் சான்', அதாவது பெருமாள் அவர்கள், என்று கூப்பிடுகிறார்கள். பெருமாள் என் அப்பா. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது போட்டாக வேண்டுமே என்று அவர் பெயரைப் போட்டேன். முருகேசன் என்ற என் பெயர், இங்குள்ள நகராட்சிப் படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் அறுந்துபோய்விட்டது. போடிக்குப் பக்கத்து ஊரான தேவாரத்தைத் தாண்டி வேலைக்குப் போயிராத என் அப்பாவை ஜப்பானில் தினமும் காலையில் வருகைப் பதிவில் கூப்பிடுகிறார்கள். நான் 'இருக்கிறேன்' என்கிறேன்.

என் ஜப்பானிய மொழி இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் தவழ்கிற நிலையில்தான் இருக்கிறது. ஒருமுறை ஹிரானோ வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுந்தவன், விருந்துக்குச் சொல்ல வேண்டிய நன்றிக்குப் பதிலாக, இழவு வீட்டில் சொல்ல வேண்டிய ஆறுதலைச் சொல்லிவிட்டேன். அவர் மனைவி தலை குனிந்து அதையும் ஏற்றுக்கொண்டார். நகராட்சியிலிருந்து வரும் கடிதங்களை மகள்தான் படிக்கிறாள். "இது வரி. இது தடுப்பூசி. இது குப்பையைத் தப்பான கிழமையில போட்டதுக்கு. மறுபடியும்." ஊரில் கேட்டால், ஜப்பானிய மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆனால் தொழிற்சாலையில் நான் ஆங்கில மேதை. இந்தியன் என்றாலே ஆங்கிலம் என்பது இங்குள்ளவர்கள் எண்ணம். அதைக் கலைக்க எனக்கு மனம் வந்ததில்லை. என் ஆங்கிலத்தின் பூர்வீகம் எனக்குத்தானே தெரியும்? போடியில் டியூஷன் வாத்தியார் கேள்விகளுக்கு நட்சத்திரம் போடுவார். ஒரு நட்சத்திரம் என்றால் வரலாம், இரண்டு என்றால் வந்தே தீரும். இரட்டை நட்சத்திரங்களை மட்டும் நெட்டுருப் போட்டுத் தேறியவன் நான். 'கடற்கரையில் ஒரு மாலை' என்ற கட்டுரையை இன்றைக்கும் தடங்கலில்லாமல் சொல்வேன். அதை எழுதிய காலத்தில் நான் கடலைப் பார்த்ததில்லை.

ஒருநாள் மதியம் ஹிரானோ அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"பெருமாள் சான், உங்கள் ஊரில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்களா?"

'இல்லை' என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. நான் முல்லைப் பெரியாற்றை இழுத்தேன்.

"அப்படியென்றால் உங்கள் மகளுக்கும் நல்லதுதான். அடிக்கடி அழைத்துப் போவீர்களா?"

"ஆகஸ்ட் விடுமுறைக்கு அக்கா பேரனுக்குக் காதுகுத்து. போகிறோம். நீங்களும் வாருங்களேன்! காலையில் நீங்கள் படியுங்கள். பிற்பகலில் எங்கள் ஊர்க்காரர்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள். நாக்கு தானாகத் திரும்பிவிடும்."

அவர் வீட்டில் மனைவியோடு பேசினார். மனைவியின் தங்கை வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. காலை முழுவதும் படிப்பு, பிற்பகலில் பேச்சு என்று அவர் அட்டவணை போட்டார். மறுவாரமே டிக்கெட் எடுத்துவிட்டார்.

என் மகள் மட்டும் வரவில்லை. பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி என்றாள். துருவிக் கேட்டதும் நிஜக் காரணம் வந்தது. "போடியில ஒரு நிமிஷம் கூடத் தனியா இருக்க முடியாதுப்பா. பாத்ரூம் போனாக்கூட வெளிய நின்னு பேசுறாங்க." வேரை மறந்த பிள்ளை என்று அவளுக்கு நான் நெடிய சொற்பொழிவு ஆற்றினேன். அவளுக்குத் துணையாக மனைவியும் தங்கிவிட்டாள். நானும் ஹிரானோவும் கிளம்பினோம்.

4

அக்காவிடம் போனில், "என் மேனேஜர் வர்றாகக்கா, நம்ம ஊரப் பாக்கணுமாம்" என்று சொல்லியிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். அதில் என் மதிப்பு ஏறாதே.

என் அக்கா ராசாத்தி ஒரு காரியத்தில் இறங்கினால் ஊரே இறங்கும். மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. அந்த அறைக்கு ஒரு வரலாறு உண்டு. அக்கா மகள் ப்ளஸ் டூ படித்தது அங்கேதான். அந்த வருடம் வீட்டில் கேபிள் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். மிக்ஸியைக்கூட அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் போடுவார்கள். விடுமுறைக்குப் போயிருந்த என்னை, மச்சானின் ஏலக்காய்க் கடைக்கு மேலே இருக்கும் அறையில் தங்கவைத்தார்கள். "ஒஞ் சிரிப்பு மாடி வரைக்கும் கேக்குதுடா" என்று அக்கா காரணம் சொன்னாள். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி சாக்குகளுக்கு நடுவில் படுத்து, விடுமுறை முடியும்வரை சட்டையெல்லாம் ஏலக்காய் வாசத்தோடு திரிந்தான்.

வீட்டு வாசலில் ஹிரானோ குனிந்து வணங்கி, "பெருமாள் சான்" என்று என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அக்கா திடுக்கிட்டாள்.

"அப்பாவ எதுக்குடா பேரச் சொல்லிக் கூப்புடுறாக?"

"அது நாந்தான்க்கா."

"நீயா? அப்ப அப்பா யாரு?"

விளக்கிச் சொல்வதற்குள் மச்சான் முன்னால் வந்துவிட்டார். மச்சானுக்கு ஏலக்காய் வியாபாரத்தில் மலைமேல் கேரளப் பக்கம் இருப்பவர்களோடுதான் பழக்கம். அவரைப் பொறுத்தவரை வெளியூர்க்காரர் என்றால் மலையாளி. வாய் தானாக மாறிவிடும்.

"வரணும் சாரே! யாத்ரை சுகந்தன்னே?"

"மச்சான், அவுகளுக்கு மலையாளம் தெரியாது."

"தமிழும் தெரியாதுல்ல மாப்ள? அப்ப எதுல பேசுனா என்ன?"

நான் ஹிரானோவின் பெட்டியை மாடிக்குத் தூக்கிப் போனேன்.

5

மறுநாள் விடிந்ததும் ஹிரானோ அட்டவணைப்படி எழுந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார். ஆவணிக் காற்று. மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. அவர் நடந்தபடியே, விமானம் தாமதமானதற்காக யாரிடமோ ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"டேய், அவுக மேல தன்னால பேசிக்கிட்டு நடக்குறாகளாம்டா. பக்கத்து வீட்டு மீனாட்சி வந்து சொல்லுது. நெசமா?"

"ஆமாக்கா."

"நடுவுல சிரிக்க வேற செய்றாகளாம்."

"ஆமா."

"என்னடா ஆமா? மனுசனுக்கு என்ன ஆச்சு?"

அந்த இடம்தான். 'பரீட்சைக்குப் படிக்கிறாகக்கா' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அடுத்த கேள்வி எனக்குக் கேட்டுவிட்டது. மேனேஜரா இருக்கிறவருக்கு இந்த வயசுல என்ன பரீட்சை? இதுவரைக்கும் தேறலையா? அப்ப மேனேஜர் இல்லையா? அப்ப நீ? ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சட்டை முழுவதும் பிரிந்துவிடும்.

"ஊரு நெனப்புப் போலக்கா" என்றேன்.

அக்காவின் முகம் இளகிவிட்டது.

"பாவம்டா. பொண்டாட்டிய விட்டுட்டு வந்து கெடக்காக. வந்த மனுசன ஒத்தையில விட்டது நம்ம தப்புதான்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்: "ஏங்க! டீய எடுத்துக்கிட்டு மேல போங்க. போய்ப் பேச்சுக் குடுங்க."

"என்னத்தடி பேச?" என்றார் மச்சான்.

"என்னத்தையாச்சும் பேசுங்க. கடையில ஒக்காந்து பொழுதெல்லாம் பேசுறீகள்ல?"

மச்சான் படியேறினார். சற்று நேரத்தில் மாடியிலிருந்து "சாயா குடிச்சோ சாரே?" என்று கேட்டது. ஹிரானோவின் ஆங்கிலம் பாதி வாக்கியத்தில் நின்றது. அந்த விமானம் எப்போது கிளம்பியதோ தெரியாது.

6

அதற்குப் பிறகு அவர் தனியாக இருந்த பொழுதே இல்லை.

மச்சான் காலையில் மாடிக்குப் போவதைக் கடமையாக எடுத்துக்கொண்டார். அட்டை வளையத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன மாப்ள, சாவிக்கொத்துல காகிதம் கோத்து வச்சிருக்காக?" என்று கேட்டு, ஏலக்காயின் தரம் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மீனாட்சி வீட்டார். பிறகு தெரு. வந்தவர்கள் கையோடு பலகாரம் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் தட்டைக் காலி செய்வது மரியாதை. நம் ஊரில் காலியான தட்டை நிரப்புவது மரியாதை. இரண்டு மரியாதைகளும் விடாமல் மோதிக்கொண்டதில் ஹிரானோவின் வயிறு நடுவில் மாட்டிக்கொண்டது.

முல்லைப் பெரியாறு போல ஓடும் ஆங்கிலத்தில் அவர் காதில் விழுந்தவை: சார், சூப்பர், செல்ஃபி, ஒன் மோர் இட்லி.

ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரை அக்காவே வரவழைத்தாள். பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஜெபராஜ் அண்ணன். வேதக் கோயிலில் வெளிநாட்டுப் பாதிரியார் வந்தால் மொழிபெயர்ப்பவர். ஆங்கிலச் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்து, தலையங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கணீரென்று வாசித்தார். ஹிரானோ முதுகை நிமிர்த்தி, பென்சிலை எடுத்துக் கவனமாகக் கேட்டார். வாசிப்பு முடிந்தது. ஹிரானோ அசையவில்லை. பென்சிலும் அசையவில்லை. அவர் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒலிப்பதிவு முடிந்தால் அடுத்து கேள்விகள்தானே வரவேண்டும்?

"என்ன தம்பி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாக?" என்றார் ஜெபராஜ் அண்ணன்.

"அசந்து போய்ட்டாகண்ணே" என்றேன்.

அண்ணனுக்குப் பரம திருப்தி. மறுநாள் காலை இரண்டு செய்தித்தாள்களோடு வந்தார்.

ஊர்சுற்றலும் நடந்தது. கம்பத்தில் திராட்சைத் தோட்டம், சுருளி அருவி. வருசநாட்டில் இருக்கும் மச்சானின் சித்தப்பா வீட்டுக்குப் போகாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்பதால் வருசநாடு. காரில் எங்கள் எல்லோருக்கும் நடுவில் செருகப்பட்டு உட்கார்ந்திருந்த ஹிரானோ அட்டை வளையத்தை எடுப்பார். உடனே யாராவது, "சார், அங்கன பாருங்க, அதான் வைகை அணைக்குப் போற தண்ணி" என்று தோளைத் தொடுவார்கள். அவர் பார்ப்பார். நன்றி சொல்வார். வளையம் பைக்குள் போய்விடும்.

ஒரே ஒரு தடவை தப்பித்தார். குலசாமி கோயில் மயிலாடும்பாறைப் பக்கம். காதுகுத்து அங்கேதான். கிடா வெட்டு, பந்தி, மைக்செட் என்று கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தபோது, ஹிரானோ மெல்ல நழுவி, தள்ளியிருந்த ஒரு புளியமரத்தடிக்குப் போய், காதில் கருவியை மாட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து நின்றார். உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

மச்சானின் தம்பியும் பார்த்துவிட்டார்.

"அய்யய்யோ! விருந்தாளிய மரத்தடியில நிக்கவிட்டு நாம இங்கன திங்கிறோமே! ஏலே, சேரத் தூக்குங்கடா!"

நாற்காலிகள் போயின. ஆட்களும் போனார்கள். மரத்தடியில் அவரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் விசிறினார். ஹிரானோ காதிலிருந்து கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இத்தனை தலைகளுக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. 'இவர்களுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்களா?' என்று மட்டும் அந்தப் பார்வை கேட்டது.

அப்போது என் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் என் தோளில் கைபோட்டு, "மொதலாளியவே கையோட கூட்டியாந்துட்டாப்லல்ல, அதான் நம்ம பய!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் அதற்குள் முதலாளி ஆகியிருந்தார். நானும் அதற்கேற்ப வளர்ந்திருப்பேன்.

நான் ஹிரானோவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். போட்டோவுக்கு ஆட்டுவது போல.

அவரும் ஆட்டினார்.

7

திரும்பி வந்த பிறகு வெள்ளைக் கார் இன்னும் முன்னதாகவே வந்து மூலையில் நின்றது. போனதை ஈடுகட்டுகிறார் என்று புரிந்தது. இடையில் விட்டால் காது மந்தமாகிவிடும், பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்று முன்னொரு நாள் அவரே சொல்லியிருந்தார். நான் காரைத் தாண்டும்போதெல்லாம் நடையை வேகப்படுத்தினேன். மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்கு மாறினேன். ஜன்னலோரம் காற்று வருகிறது என்று யாரும் கேட்காமலே காரணமும் சொன்னேன்.

தேர்வு முடிந்தது. மரங்கள் சிவந்து உதிர்ந்தன. போன வாரம் ஒரு காலை நான் காரைத் தாண்டும்போது கதவு திறந்தது. ஹிரானோ இனிப்புப் பெட்டியோடு இறங்கி, இரண்டு கைகளாலும் அதை நீட்டி, இடுப்புவரை குனிந்தார்.

"பெருமாள் சான், உங்கள் குடும்பத்தார் எனக்காக அவ்வளவு செய்தார்கள். அதைப் பயனில்லாமல் செய்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்துவிட்டதாம். வசந்த காலத்தில் வடக்கே போகிறார். முடிவாகிவிட்டது.

பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கக் கூடாது என்று தோன்றியபோது அது ஏற்கெனவே என் கையில் இருந்தது. பிறகு என் ஜப்பானிய மொழியில் ஆரம்பித்தேன். தவறு என்னுடையது. அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மரியாதை விகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டன. எனக்கும் நானே மரியாதை கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

நான் திணறுவதைப் பார்த்து, எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"அங்கே நீங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தீர்கள். இங்கே உங்களை நான் அப்படிப் பார்த்ததில்லை. அதனால்தான் படிக்க நேரம் வேண்டும் என்று உங்களிடம் கேட்கவில்லை."

அந்த ஆங்கிலத்தில் விமானம் எதுவும் தாமதமாகவில்லை. பிரிண்டரில் காகிதம் தீரவில்லை.

"வடக்கே போன பிறகும் படிப்பீர்களா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"ஆமாம்," என்றார். "அங்கே நேரம் நிறைய இருக்கும். யாரும் இருக்க மாட்டார்கள்."

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலை தொடங்க இன்னும் பொழுது இருந்தது. என்னிடம் தலை குனிந்து விடைபெற்று, காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றினார். உதடுகள் அசைய ஆரம்பித்தன.

8

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தாள். பின்னால் மச்சான் ஏலக்காயைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜரு எப்படிடா இருக்காக? குளுரு வந்துருச்சாமே, ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லு."

மேசைமேல் இனிப்புப் பெட்டி இருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மேனேஜர் இல்லை என்பதை. நானும் பெரிய ஆளில்லை என்பதை. மாடியில் அவர் தன்னால் பேசியது ஊர் நினைப்பில் இல்லை, அது படிப்பு, பரீட்சைக்கான படிப்பு என்பதை. அது தவறிப் போனதையும், இனி அவர் பனிக்கட்டி ஊரில் தனியாக இருக்கப் போவதையும்.

"ஒத்தையிலயா?" என்றாள்.

"ஆமாக்கா."

மச்சானின் சல்லடைச் சத்தம் நின்றது. எங்கள் ஊரின் விருந்தோம்பலைப் பற்றியும் ஜப்பானியரின் தனிமையைப் பற்றியும், இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட என்னைப் போன்றவனின் இக்கட்டைப் பற்றியும் நான் கொஞ்சம் ஆழமாகவே பேச ஆரம்பித்தேன். உங்களுக்கெல்லாம் புரியாதுக்கா, எப்படிச் சொல்லியிருந்தாலும் நீங்கள் வித்தியாசமாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள், விருந்தாளியைத் தனியாக விடு என்றால் ஊர் கேட்குமா என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அக்கா முழுவதையும் கேட்டாள்.

"ஏலே," என்றாள், "பரீச்சைனு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாசக் கதவப் பூட்டி, ஒன்னையும் சேத்துல்லடா வெளிய தள்ளியிருப்பேன்."